செயின் நதியின் வரவு செலவு
கடல்நீரே பூமியின் உட்குழாய்கள் வழியே மலையேறி ஊற்றாகிறதென்று பண்டிதர் பலர் சாதித்துவந்த ஐரோப்பாவில், அரசாங்க வரிப்பணத்தை எடுத்துத் தம் கடனை அடைத்த குற்றத்துக்காக 1664-இல் உத்தியோகம் இழந்த பியேர் பெரோ என்னும் பாரிஸ் கனவான், செயின் நதி பிறக்குமிடத்திலிருந்து ஏனே-லெ-துக் வரையுள்ள நிலப்பரப்பில் விழும் மழையைக் கணக்கிட்டு, அது அவ்வாற்றில் ஓராண்டு ஓடும் நீரைப்போல் ஆறு மடங்கு என்று 1674-இல் ஒரு நூலில் நிரூபித்தார். (சிண்டரெல்லா கதையைப் பிரெஞ்சில் எழுதிய ஷார்ல் இவருடைய தம்பி, கற்பனை அவருக்கு, கணக்கு இவருக்கு!)

ஆயினும் விசித்திரம் பாருங்கள்: மழை மண்ணுக்குள் ஆழ இறங்குமென்பதை அவரே ஏற்கவில்லை. பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தின் நிலவறையில், வெளியே பெய்த மழைக்குத் தக்கபடி கூடியும் குறைந்தும் சொட்டிய நீரைக் கவனித்த மரியோத் என்பவரே அந்தப் பிழையைத் திருத்தினார்.