தொழிலுக்குச் செல்லும் தாயும் அரசாங்கமும்



குழந்தை வளர்ப்பு வீட்டுக்குரிய கடமை என்று உலகம் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளது. தாய் கூலிவேலைக்குச் சென்றால் பாட்டியோ, மூத்த மகளோ, அயல்வீட்டாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வர். அத்தகைய துணை வாய்க்காதவள் என் செய்வாள் என்னும் வினாவை அரசாங்கங்கள் எழுப்பியது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இரண்டாம் உலக யுத்த காலத்திலே அவ்வினாவுக்கு விடை காண முற்பட்ட வரலாற்றையே இன்று நோக்குவோம். அம்முயற்சி நீடித்த காலம் மூன்றாண்டுகளே. எனினும் அது புகட்டும் பாடம் சிறிதன்று.

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நாடு யுத்தத்தில் இறங்கியது. ஆடவர் படைக்குச் செல்ல, கப்பல் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் பெண்களை அழைத்தன. 1940ஆம் ஆண்டிலே ஏறக்குறைய 1 கோடி 20 இலட்சம் பெண்கள் தொழில் செய்தனர். 1945ஆம் ஆண்டளவில் அத்தொகை 1 கோடி 90 இலட்சத்தை அண்மித்தது. தொழில் தேடிப் புதிய நகரங்களிற் குடியேறிய குடும்பங்களுக்கு அங்கே பாட்டியும் இல்லை. பழகிய அயலாரும் இல்லை. தொழிற்சாலை வாயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிகளுக்குள்ளே குழந்தைகளைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குச் சென்ற தாய்மாரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கழுத்திலே வீட்டுத் திறப்பைக் கட்டிக்கொண்டு தெருவில் அலைந்த சிறுவரைப் பற்றியும் எழுதின. பிள்ளைக்கு நோய் கண்ட நாளிலே தாய் வேலைக்கு வராதொழிந்தாள். அதனால் உற்பத்தி குன்றியது. தாயின் துயரம் தொழிற்சாலையின் கணக்கேட்டிலும் பதிந்தபோதே அரசாங்கம் விழித்துக்கொண்டது.

அப்பொழுது கைக்கு உதவியது 1940ஆம் ஆண்டில் நிறைவேறிய லன்ஹாம் சட்டம். ரெக்சஸ் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் பிறிற்ஸ் லன்ஹாம் என்பாரின் பெயரால் அது வழங்கிற்று. யுத்தத் தொழில்கள் பெருகிய ஊர்களுக்கு வீடும், நீரும், பாடசாலையும் அமைப்பதே அதன் நோக்கம். குழந்தைப் பராமரிப்பு என்ற சொல்லே அதில் இடம்பெறவில்லை. ஆயினும் ஊருக்கு வேண்டிய வசதிகளுள் இதுவும் ஒன்றெனப் பொருள் கொண்டு, 1942ஆம் ஆண்டு முதல் அந்நிதியைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் வழங்கினர். பெரும்பாலான இடங்களிலே தாய் செலுத்திய கட்டணம் நாளொன்றுக்கு 50 சதம். கப்பல் தளத்துப் பெண்ணொருத்தியின் ஒரு மணி நேர வேதனத்திலும் அது குறைவு. மதிய உணவும் அதனுள் அடங்கும். ஏழை, செல்வர் என்ற விசாரணையும் இல்லை. 1944ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏறக்குறைய 3,100 நிலையங்களிலே 130,000 வரையான பிள்ளைகள் பராமரிக்கப்பட்டனர்.

ஆரம்பத்திலே பல நிலையங்களில் இடம் நிரம்பவில்லை. கட்டணம் குறைவு என்பதற்காக மாத்திரம் எந்தத் தாயும் தன் மகவை அறியாதார் கையில் ஒப்படைப்பதில்லை. நேரமும், தூரமும், பராமரிப்பவரின் தகைமையும் அவள் மனத்திற்கு இசைய வேண்டும். இதனை நன்குணர்ந்து செயற்பட்ட இடம் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரம். அங்கே கைசர் கப்பல் தளங்களின் வாயிலருகே 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றைக் கட்டும் செலவை ஐக்கிய நாடுகளின் கப்பற்றுறை ஆணைக்குழு ஏற்றது. லன்ஹாம் நிதியின் கீழ் வாராதபோதிலும் அவையும் பொதுப் பணத்தால் எழுந்தவையே.

நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் சக்கரத்தின் ஆரைகள் போல அமைந்திருந்தன. தளத்தில் இரவு வேலை நடந்தமையால் நிலையங்களும் இரவு பகலாகத் திறந்திருந்தன. நோயுற்ற பிள்ளைக்குத் தனியறையும் தாதியும் இருந்தனர். குழந்தைக் கல்வியிற் பயின்ற ஆசிரியைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். மாலையிலே பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் தாய், சமைத்த உணவையும் சிறு விலைக்கு வாங்கிச் செல்லலாம். எட்டு மணி நேரம் இரும்பை ஒட்டிக் களைத்தவளுக்கு வீட்டிலே அடுப்பு மூட்டும் வேலை ஒன்றேனும் குறைந்தது. பிள்ளையைப் பேணுதல் என்பதனுள்ளே தாயைப் பேணுதலும் அடங்கும் என்பதை அந்நிலையங்களை அமைத்தோர் உணர்ந்திருந்தனர்.

யுத்தம் முடிந்தது, உதவியும் முடிந்தது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே நிதி நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வெளிவந்தது. உடனே கடிதங்களும் தந்திகளும் மனுக்களும் தலைநகரை நோக்கிக் குவிந்தன. எழுதியோருட் பலர் போர்முனையிலிருந்து இன்னும் திரும்பாத வீரரின் மனைவியர். இத்தேவை யுத்தத்தோடு ஒழிவதன்று என எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையார் தம் பத்திரிகைப் பத்தியில் எடுத்துரைத்தார். ஜனாதிபதி ட்றூமன் 1946ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதி வரை தவணை நீட்டினார். அதன்பின் பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. கலிபோர்ணியா மாநிலம் தன் நிதியைக் கொண்டு அவற்றைத் தொடர்ந்து நடத்தியது. நாடு முழுவதற்கும் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய 1971ஆம் ஆண்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி நிக்சன் நிராகரித்தார்.

அம்மூன்றாண்டின் பயன் யாது? 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, லன்ஹாம் நிதி மிகுதியாகச் சென்ற மாநிலங்களிலே தாய்மாரின் தொழில்வாய்ப்பு உயர்ந்ததையும், அங்கு வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்திற் கல்வியிலும் வருமானத்திலும் முன்னேறியதையும் கண்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளே அதிக நன்மை பெற்றனர்.

குறைந்த கட்டணம் எங்கும் இதே பயனைத் தரும் எனக் கொள்ளலாமா? கனடாவின் கியூபெக் மாகாணம் 1997ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 5 டொலர் என்னும் கட்டணத்தை வகுத்தது. தொழில் செய்யும் தாய்மார் தொகை பெருகியது. ஆனால், 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அங்கே பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதையும், பெற்றோர் பிள்ளைகளைக் கடிந்து நடத்துவது மிகுந்ததையும், கணவன் மனைவி உறவிலே மனநிறைவு குன்றியதையும் எடுத்துக் காட்டியது. விரைந்து பெருகிய இடங்களுட் பலவற்றின் தரம் போதியதாக இருக்கவில்லை என வேறு ஆய்வாளர் கண்டனர். அக்குறைகளுக்கு அதுவே காரணமா என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். அரசாங்கம் கொடுக்கும் பணம் தாயின் கைகளை விடுவிக்கும். அவள் மனத்தை விடுவிப்பது பிள்ளை நல்ல கையில் இருக்கின்றது என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குப் பயிற்சி பெற்ற பணியாளரும், போதிய உணவும், நோய்க்கு மருந்தும், வேலை நேரத்துக்கு இசைந்த நேரமும் வேண்டும். நாளை மூடப்படாது என்ற உறுதியும் வேண்டும். உழைக்கும் கை தேவைப்படும்போது திறந்து, தேவை தீர்ந்ததும் மூடும் கதவை நம்பி எந்தக் குடும்பமும் தன் வாழ்வை அமைத்துக்கொள்ள இயலாது.