வெற்றுக் கட்டங்களில் ஓர் அண்டம்

கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப், சுருக்கமாக ஜி.டி.டபிள்யூ, 1973 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. பெரிய நகரமல்ல. நம் மதுரை மாவட்டத்துப் பேரையூர்ப் பக்கம் பார்க்கிற மாதிரியே சுற்றிலும் மக்காச்சோளம், ஊருக்குள் ஒரு பல்கலைக்கழகம். ஃபிராங்க் சாட்விக், மார்க் மில்லர், ரிச் பேனர், லோரன் வைஸ்மன் என்ற இளைஞர்கள் போர்க்கள ஆட்டங்களைத் தயாரித்து விற்கக் கூடினார்கள். கடையை மூடும்வரை 22 ஆண்டுகளுக்குச் சராசரியாக 22 நாளுக்கு ஒரு வெளியீடு கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கணக்கு.

நமக்கு இவர்கள் வேண்டியவர்களானது 1977இல் வந்த ‘டிராவலர்’ ஆட்டத்தால். நம் ஊர்ப் படிப்பகத்து மேசையில் பிள்ளைகள் தாளும் பகடையுமாக உட்கார்ந்து ஆடுவது இதைத்தான். காய் கிடையாது, வெட்டு கிடையாது, ஜெயிப்பும் கிடையாது. ஒருவர் நடுவர், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடுவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பார்கள், சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். இந்த வகைக்கு வழிபோட்டது 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அது மந்திரவாதிகளின் உலகம். டிராவலர் விண்வெளிக்குப் போனது.

மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்தன: முதலாவது ஆட்களும் சண்டையும், இரண்டாவது விண்கலங்கள், மூன்றாவது உலகங்கள். மில்லர் ராணுவத்தில் இருந்தவர். அது பாத்திரப் படைப்பில் பளிச்சென்று தெரியும். இங்கே நாயகன் பதினெட்டு வயது வீரன் அல்ல. பணி முடித்து, பென்ஷனை எண்ணிக்கொண்டு, அடுத்து என்ன என்று நிற்கும் நடுவயதுக்காரன். நம்மூர் முன்னாள் ராணுவத்தாருக்குச் சட்டென்று பிடிபடும். நாலு நாலு ஆண்டாகப் பணிக்காலம் கழியும். ஒவ்வொன்றுக்கும் உயிர் பிழைத்தானா என்று உருட்ட வேண்டும். வேவுக்கலப் பணி என்றால் இரண்டு பகடையில் குறைந்தது 7 விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் காலி, புதுத்தாள் எடுக்க வேண்டியதுதான்.

இந்தப் பெட்டியில் ஓர் அதிசயம், அதில் உலகமே இல்லை. பேரரசு, அரசன், வரலாறு எதுவும் எழுதியிருக்கவில்லை. உலகத்தை உண்டாக்கும் வழி மட்டும் இருந்தது. அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று 80 அறுகோணக் கட்டம். ஒரு கட்டம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. கட்டத்துக்கு ஒரு பகடை; 4, 5, 6 விழுந்தால் அங்கே ஓர் உலகம். பிறகு அந்த உலகத்தின் அளவு, காற்று, நீர், மக்கள், ஆட்சி, சட்டம் எல்லாம் எண்ணாக உருட்டி எழுத வேண்டும்.

ஓர் உலகத்துக்கு நம் ஊர் எழுமலையின் பெயரையே வைத்து உருட்டிப் பார்ப்போம். 7-5-3-4-7-9 என்று வருகிறது. முதல் 7, குறுக்களவு ஏழாயிரம் மைல், பூமியைவிடக் கொஞ்சம் சிறிது. 5 என்றால் மெலிந்த காற்று. 3 என்றால் பரப்பில் முப்பது சதவீதமே தண்ணீர். மக்கள் 4, பத்தாயிரக் கணக்கு. ஏறக்குறைய நம் பேரூராட்சி அளவு. ஆட்சிக்கு 7, பொது அரசு இல்லை, ஒன்றுக்கொன்று ஆகாத பல அரசுகள். சட்டம் 9, வீட்டுக்கு வெளியே எந்த ஆயுதமும் கூடாது. கருக்கரிவாளோடு கதிரறுக்கப் போகிறவர் என்ன செய்வார்? அது நடுவர் பாடு.

இவ்வளவு கொஞ்சம் ஜனத்துக்கு ஏன் இத்தனை அரசு? புத்தகம் சொல்லாது. ஆனால் உசிலம்பட்டியின் 58 கிராமக் கால்வாய்க்காக நடந்த போராட்டங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளையைக் கேளுங்கள், நொடியில் சொல்லும்: இருக்கிற முப்பது சதவீதத் தண்ணீர் யார் கண்மாய்க்குப் போகிறது, மடையை யார் திறப்பது என்பதுதான் சண்டை. கதை பிறந்துவிட்டது. எண்ணைத் தந்தது நார்மல், காரணத்தைத் தந்தது எழுமலை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் ஜீவாவின் நாட்டை நிலாவும் ஜீனோவும் போகிற வழியில்தான் நாம் பார்க்க முடியும். இதில் வழியே நம்முடையது.

இன்னொரு விதியையும் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டம் தாண்டினாலும் ஆறு கட்டம் தாண்டினாலும் பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். கலத்தைவிட வேகமாகப் போகும் தந்தியோ வானொலியோ கிடையாது. சேதியும் கலத்தில்தான் போக வேண்டும். இந்த ஒரு விதி அரசியலையே தீர்மானித்துவிடுகிறது. தலைநகரத்து உத்தரவு வந்து சேர மாதக்கணக்காகும் என்றால் எல்லையில் இருப்பவனிடம் அதிகாரத்தை விட்டே ஆக வேண்டும். மதுரை நாயக்கர்கள் நாட்டை 72 பாளையமாகப் பிரித்துப் பேரையூர், சாப்டூர் போன்ற இடங்களில் பாளையக்காரர்களிடம் கொடுத்த நியாயமும் இதுவே. இந்த ஆட்டத்தில் வரும் பிரபுக்களைப் பார்த்து, விண்வெளியில் எதற்கு இவர்கள் என்று சிரிப்பவர்களுக்கு இதுதான் பதில். விண்கலத்துக் கணினி டன் கணக்கில் இடத்தை அடைப்பதைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் பதில் இல்லை. 1977இன் கணினி அப்படி.

பிறகு நிறுவனமே கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தது. 1979இல் ‘ஸ்பின்வர்ட் மார்ச்சஸ்’ வந்தது: 16 பகுதிகள், 439 உலகங்கள், மேலே ‘மூன்றாம் பேரரசு’. அதே ஆண்டு வைஸ்மன் ஆசிரியராக ஒரு பத்திரிகையும் தொடங்கிற்று. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் கணக்கில் சரிவின் விதை அங்கேதான். 1987இல் வந்த பதிப்பின் கதையில் பேரரசர் ஸ்ட்ரெஃபான் கொலை, உள்நாட்டுப் போர். 1993இல் வந்த பதிப்பில் கணினிக் கிருமி ஒன்று அந்த நாகரிகத்தையே வீழ்த்தியது. பத்து ஆண்டுகளாகத் தங்கள் மேசையில் அந்த உலகத்தை வளர்த்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பணமும் நிலையாக நிற்கவில்லை. 1991 வளைகுடாப் போரின்போது சாட்விக் எழுதிய தகவல் புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அடுத்து, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் ஆட்டம் ஒன்றை வெளியிட்டு, அவருடைய பழைய நிறுவனமான டி.எஸ்.ஆர். தொடுத்த வழக்கில் மாட்டிக்கொண்டார்கள். 1996 பிப்ரவரி 29இல் கடை மூடப்பட்டது.

ஆட்டம் சாகவில்லை. உரிமை மில்லரிடம் திரும்பியது. 1998இல் ஸ்டீவ் ஜாக்சன் நிறுவனம் வைஸ்மனை ஆசிரியராக வைத்தே ஒரு பதிப்பு கொண்டுவந்தது. 2008 முதல் இங்கிலாந்தின் மங்கூஸ் நிறுவனம் போடுகிறது. நிறைய ஓவியமும் வண்ணமுமாக இருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. அறுகோணத் தாள் கையாலேயே போடலாம். பகடைக்குத் தாயக்கட்டை உதவாது, அதில் ஆறு முகம் கிடையாது. பரமபதப் பெட்டியில் வரும் சதுரப் பகடை இரண்டு போதும்.