புட்டிக்குள் அடைபட்ட புகை

சாயங்காலம் ஆனால் கொசுவுக்காக மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போடுகிறோம். அந்தப் புகையிலேயே பாலையும் கறந்துவிட்டால், "என்னங்க, பால் புகை நாத்தம் அடிக்குது" என்று வீட்டில் சொல்லுவார்கள். வாலிகண்டபுரத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், மூட்டம் அங்க, பால் இங்க. புகை எப்படிப் பாலுக்குள்ள போகுது?"

நல்ல கேள்வி. புகை வெறும் காற்று அல்ல. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது பீனால் வகைப் பொருள்கள் வெளிவருகின்றன. புகைக்கு மணம் கொடுப்பவை முக்கியமாக இவைதான். இவை கொழுப்பில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பாலில்தான் கொழுப்பு இருக்கிறதே!

இதைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்கு அகில் புகை ஊட்டினார்கள். வடநாட்டில் கனன்ற கரித்துண்டில் நெய் விட்டு மூடி, பருப்பிலும் மோரிலும் புகை மணம் ஏற்றுவார்கள். இதற்குத் 'துங்கார்' என்று பெயர். கென்யாவில் கலெஞ்சின் மக்கள் சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் கரியைத் தேய்த்து, அதில் பாலைப் புளிக்க வைக்கிறார்கள். அந்தக் கரிக்கு எடுக்கும் செடிகளில் ஒன்று நம்ம ஊர் ஆவாரைக்குப் பங்காளி!

புகையைக் குளிரவைத்தால் அது நீராக இறங்கும். இந்த மரக்காடியை எடுக்கும் முறையை 1658-இல் கிளாபர் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்தார். 1895-இல் அமெரிக்காவில் ரைட் என்பவர் அதைப் புட்டியில் அடைத்து, இறைச்சிக்குப் புகை மணம் ஏற்ற விற்கத் தொடங்கினார். நம் தென்னாட்டிலும் 1923-இல் உற்பத்தியைத் தொடங்கிய பத்ராவதி இரும்பாலையில், கரிக்காக மரத்தை மூடிய கலத்தில் காய்ச்சி, அந்தப் புகையிலிருந்து தாரும் எரிசாராயமும் எடுத்தார்கள். அங்கே அது தொழிற்சாலைச் சரக்கு, சாப்பாட்டுக்கு அல்ல.

புகையில் மணம் மட்டுமா இருக்கிறது? புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனும் இருக்கிறது. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, தாரோடுதான் போகும். அதனால் தாரைப் பிரித்து நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் ஐரோப்பாவில் மறுபடி சோதித்தபோது, சில புகைச் சாறுகள் மரபணுவுக்குக் கேடு செய்வது தெரிந்தது. மற்றவற்றிலும் சந்தேகம் தீரவில்லை. 8 புகைச் சாறுகளின் அனுமதியைப் புதுப்பிக்க 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் மறுத்துவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? பாலைக் கறந்து, மூடி, வெளியே கொண்டுபோன பிறகு மூட்டம் போடுங்கள். மருந்தடித்த பருத்திமாரையும், பிளாஸ்டிக் பையையும் மூட்டத்தில் போடவே போடாதீர்கள். அந்தப் புகையை மாடும் சுவாசிக்கிறது, நாமும் சுவாசிக்கிறோம். பயிருக்குத் தெளிக்கவென்று மரக்காடி வாங்கினால், அதைச் சமையல்கட்டுப் பக்கமே வைக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது கறவை முடிந்துதான் மூட்டம் போடுகிறார். பாலில் புகை நாத்தம் இல்லை என்கிறார்.