கார் அவனா, அவளா?

என் நண்பன் ஒருத்தன் தன் பழைய காருக்கு 'ராணி'ன்னு பேர் வெச்சிருக்கான். ஒழுங்கா ஓடுற நாள்ல "அவ பறக்குறா"ம்பான். நடுரோட்டில் மக்கர் பண்ணினா உடனே "அது படுத்துடுச்சு" ஆகிடும். தமிழில் கார் அஃறிணை, அதனால இப்படி மாத்திக்கிற வசதி நமக்கு இருக்கு.

இத்தாலியனில் அது முடியாது. அங்கே நாற்காலிக்குக்கூட பால் உண்டு. எந்தப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால்தான். 'ஆட்டோமொபிலே' என்ற சொல் புதுசா வந்தப்போ எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னு குழப்பம். 'வாகனம்' என்பதற்கான அவர்கள் சொல் ஆண்பால், 'வண்டி' என்பதற்கான சொல் பெண்பால். போதாக்குறைக்கு இது உயிரெழுத்தில் தொடங்குது. அதனால முன்னால வர்ற சுட்டுச்சொல் சுருங்கி, எந்தப் பால்னே தெரியாமப் போயிடும்.

1909-ல் மரினெட்டி ஃப்யூச்சரிஸ்ட் அறிக்கையை வெளியிட்டார். உறுமிக்கிட்டு ஓடுற பந்தயக் கார், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிற கிரேக்க வெற்றி தேவதையின் சிலையைவிட அழகுன்னு அதில் சொன்னார். அதன் இத்தாலிய வடிவத்தில் கார் ஆண்பால்.

பதினோரு வருஷம் கழிச்சு, 1920 பிப்ரவரியில், கவிஞர் கப்ரியேலே தன்னுன்ஸியோ ஃபியட் தலைவர் ஜொவான்னி அன்யெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். கார் பெண்பால்தான், சந்தேகமே வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. காரணம்? நளினம், ஒல்லியான உடல்வாகு, மயக்குகிறவளின் துடிப்பு. இதுவரைக்கும் கவிஞர்கள் வழக்கமா சொல்றதுதான். கூடவே இன்னொண்ணும் சேர்த்தார்: பெண்களுக்குத் தெரியாத ஒரு குணம் இவளிடம் உண்டாம், முழுமையான கீழ்ப்படிதல்! உறுமினப்போ அவன், சொன்ன பேச்சு கேட்டதும் அவள்.

இதை எழுதினப்போ அவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஃபியூமே நகரத்தில். 1919 செப்டம்பர் 12 அன்று, சொந்த அரசாங்கத்தின் பேச்சையே மீறி, கலகம் பண்ணின சிப்பாய்களோட போய் அந்த நகரத்தைப் பிடிச்சு வெச்சிருந்தார். கீழ்ப்படிதலைப் பத்திப் பாடம் எடுத்தது இவர்!

ஒரு கடிதத்தால் ஒரு மொழி மாறிடுச்சுன்னு நான் நம்பலை. காரைக் குறிக்க மக்கள் பேச்சில் வழங்குகிற 'மாக்கினா' ஏற்கெனவே பெண்பால். அது இழுத்த இழுப்பும் இருந்திருக்கும். எப்படியோ, இன்னைக்கு இத்தாலியனில் ஃபெராரியும் அவள், குட்டி பாண்டாவும் அவள்.

ஃபியூமேக்குள்ள அவர் போன ஃபியட் டிப்போ 4 இப்பவும் கார்தா ஏரிக்கரையில், அவர் வாழ்ந்த வீட்டு வளாகத்தில் நிக்குது. நம்ம கணக்குல 'அது'.