தொடரிலக்கமும் வரலாறும்: கிற்றாரின் காலமும் தோற்றமும் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

இசைக்கருவிகள் பற்றித் தமிழில் நிகழ்ந்த ஆய்வுகளுள் சுவாமி விபுலாநந்தரின் யாழ்நூல் தலையாயது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 1947ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தினால் வெளியிடப்பட்ட அந்நூலின் ஆசிரியர், கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். அவர் எதிர்கொண்ட பிரச்சினை தனித்தன்மை வாய்ந்தது. ஆராயப்பட வேண்டிய கருவி அவரது கைவசம் இருக்கவில்லை. பழந்தமிழ்ச் செய்யுள்களிலும் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் எஞ்சியிருந்த குறிப்புகளைக் கொண்டு, கணித முறையின் துணையுடன், வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பை அவர் மீட்டுருவாக்க முயன்றார்.

இன்று அதே கரையோரத்தில் நரம்புக் கருவியொன்றை ஆராய முற்படும் மாணவருக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை எழுகின்றது. கருவி கையிலுள்ளது. அதில் ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அக்கருவி பற்றிய எழுத்துச் சான்றுகள் நம்மிடம் இல்லை. கிற்றாரைக் கருதியே இதனைக் கூறுகிறோம். தொழிற்சாலையில் உற்பத்தியாகி, சந்தை வழியாக நம்மை வந்தடைந்த கருவி அது. அதன் தொடரிலக்கம் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதனை ஆராய்வதும், அதிலிருந்து நமது கரையோரத்தின் சமூக வரலாற்றுக்கு என்ன பெறலாம் என்பதனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. இலக்கம் தோன்றிய சூழல்

கைவினைஞன் தான் செய்த கருவிக்குத் தொடரிலக்கம் இடவேண்டிய தேவை இருக்கவில்லை. வாங்குபவனை அவன் அறிவான். வாங்குபவனும் அவனை அறிவான். உற்பத்தியாளனும் நுகர்வோனும் ஒருவரையொருவர் அறியாத நிலையிலேயே, பண்டங்களைக் கணக்கிட்டு அடையாளப்படுத்தும் இலக்கம் அவசியமாகின்றது.

மாட்டின் நிறுவனத்தின் வரலாறு இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. அதன் நிறுவகரான கிறிஸ்ரியன் பிரெடெரிக் மாட்டின், ஜேர்மனியின் சக்சனி மாநிலத்து மார்க்நொய்கிர்கன் நகரைச் சேர்ந்தவர். அங்கு கிற்றார் செய்யும் உரிமை யாருக்குரியது என்பது பற்றி இரு கைவினைக் குழுமங்களிடையே நெடிய பிணக்கு நிலவியது. வயலின் செய்வோர் குழுமம், மரத்தளபாடம் செய்யும் தச்சர்கள் கிற்றார் செய்வதைத் தடைசெய்ய வேண்டும் என 1826இலும் 1832இலும் முறையிட்டது. மாட்டின் குடும்பத்தினர் தச்சர் குழுமத்தைச் சார்ந்தவர்கள். 1833இல் மாட்டின் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நிலமானிய ஐரோப்பாவின் குழும விதிகள் எட்டாத இடத்தில் அவரது தொழில் வளர்ந்தது.

இந்நிறுவனம் தொடரிலக்கம் இடத் தொடங்கியது 1898இலேயே. அதுவரை தாம் செய்த கருவிகள் ஏறத்தாழ 8,000 என மதிப்பிட்டு, அவ்வெண்ணிலிருந்து தொடங்கினர். அறுபத்தைந்து ஆண்டுகளில் எட்டாயிரம் கருவிகள் செய்த நிறுவனம், 2004ஆம் ஆண்டில் பத்து லட்சமாவது இலக்கத்தை எட்டியது. கைவினைப் பட்டறை தொழிற்சாலையாக மாறிய வரலாறு முழுவதும் இவ்விரு எண்களுக்கிடையே அடங்கியுள்ளது எனலாம்.

2. இலக்கத்தை வாசித்தல்

எல்லா இலக்கங்களும் ஒரே முறையில் வாசிக்கத்தக்கன அல்ல. மூன்று வகைகளை இங்கு எடுத்து நோக்குவோம்.

முதலாவது, இடையறாத் தொடர். மாட்டின் கருவியின் ஒலித்துளை வழியே உள்ளே நோக்கினால், கழுத்து உடலுடன் பொருந்தும் மரத்துண்டில் இலக்கம் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் எட்டப்பட்ட இலக்கத்தை நிறுவனமே பட்டியலிட்டுள்ளமையால், ஆண்டைத் துணிவது எளிது.

இரண்டாவது, குறியீட்டு இலக்கம். கிப்சன் நிறுவனம் 1977இல் அறிமுகப்படுத்திய எட்டிலக்க முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முதலாம், ஐந்தாம் இலக்கங்கள் ஆண்டையும், இடையிலுள்ள மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், இறுதி மூன்றும் உற்பத்தி ஒழுங்கையும் தொழிற்சாலையையும் குறித்தன. 82765512 என்பது கருவியில் உள்ள இலக்கமாயின், அது 1985ஆம் ஆண்டின் 276ஆவது நாளில், அதாவது ஒக்டோபர் 3ஆம் திகதி, இலக்கமிடப்பட்டதாகும். இறுதி மூன்று இலக்கங்களும் 500க்கு மேற்பட்டமையால் அது நாஷ்வில் தொழிற்சாலைக்குரியது. 500க்குக் கீழ்ப்பட்ட இலக்கங்கள் கலமசூத் தொழிற்சாலைக்குரியவை. அத்தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது.

மூன்றாவது, நம்பத்தகாத இலக்கம். அதே கிப்சன் நிறுவனம் 1961க்கும் 1975க்கும் இடையில் ஒரே இலக்கத்தை வெவ்வேறு ஆண்டுகளிற் பலமுறை பயன்படுத்தியது. இத்தகைய கருவிகளில் பிற சான்றுகளை நாடவேண்டும். ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்டது என்னும் முத்திரை தலைப்பகுதியின் பின்புறத்தில் 1970 முதலே இடம்பெறுகின்றது. மின்கிற்றாரின் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் உறுப்பிலும் ஓர் இலக்கம் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் அவ்வுறுப்பைச் செய்த நிறுவனத்தையும், அடுத்துவருவன ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 137 எனத் தொடங்கினால் சீ.ரீ.எஸ். நிறுவனம், 304 எனின் ஸ்ராக்போல் நிறுவனம். உறுப்பு பின்னர் மாற்றப்படாதிருப்பின், கருவி அதனிலும் முந்தியதாக இருக்க முடியாது. புதைபடையிற் கிடைக்கும் நாணயத்தைக் கொண்டு அப்படையின் காலத்தைத் துணியும் தொல்லியலாளனின் தருக்கமே இங்கும் தொழிற்படுகின்றது.

வணிகப் பெயரை மட்டும் கொண்டு தோற்றத்தைத் துணிதல் தவறு என்பதனையும் இங்கு கூறவேண்டும். கொல்கத்தாவைச் சேர்ந்த 'கிவ்சன்' என்ற பெயரை அமெரிக்கக் கிப்சனுடன் மயங்குதல் எளிது. முதலில் பெயரின் எழுத்தையும், பின்னர் இலக்கத்தையும், இறுதியாகக் கருவியின் அமைப்பையும் ஒப்புநோக்குவதே ஏற்ற ஒழுங்காகும்.

3. இலக்கம் மறைப்பவை

பண்டம் சந்தைக்கு வரும்போது அதனைப் படைத்த மனித உறவுகள் மறைந்து, பண்டமே தன்னியல்பாக மதிப்புடையது போலத் தோற்றமளிக்கின்றது என்பது, 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதல் அத்தியாயத்திலேயே மார்க்ஸ் நிறுவிய உண்மை. தொடரிலக்கம் இம்மாயையின் ஒரு கருவியாகும். அது நிறுவனத்தின் நினைவு, தொழிலாளியின் நினைவன்று. எனினும் அம்மாயையில் ஒரு பிளவும் அவ்விலக்கத்தினாலேயே நேர்கின்றது. ஏனெனில் இலக்கத்தைத் தொடர்ந்து செல்பவன் ஈற்றில் தொழிற்சாலையின் வாயிலை அடைகின்றான்.

கலிபோர்னியாவின் புல்லேட்டன் நகரிலிருந்த பென்டர் தொழிற்சாலையை நோக்குவோம். இலக்கமிடப்பட்ட உலோகத் தகடுகள் ஒரு பெட்டியிற் கிடந்தன. கைக்கு அகப்பட்ட தகட்டைத் தொழிலாளர் பொருத்தினர். ஆகவே அடுத்தடுத்த இலக்கங்கள் அடுத்தடுத்த நாட்களுக்குரியன அல்ல. மாறாக, கழுத்தைக் கழற்றிப் பார்க்கும்போது, அதன் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதப்பட்ட திகதி பல கருவிகளிற் காணப்படுகின்றது. 1950களின் கழுத்துகள் சிலவற்றில் ததேயோ கோமஸ் என்ற மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகளும் உள்ளன. நிறுவனத்தின் உலோக முத்திரையைவிடத் தொழிலாளியின் பென்சிற் குறிப்பு நம்பத்தக்க சான்றாக அமைவது தற்செயலன்று. வேலையின் ஒழுங்கை அறிந்தவன் வேலை செய்தவனே.

இரண்டாம் உலகப் போர்க்காலக் கிப்சன் கருவிகள் மற்றொரு சான்று. போர்க்கால உற்பத்தியின் பொருட்டு இசைக்கருவி உற்பத்தி நிறுத்தப்பட்டது என்பதே நிறுவனத்தின் கூற்றாக நெடுங்காலம் நிலவியது. உண்மையில், ஆண்கள் போருக்குச் சென்ற பின்னர் கலமசூ நகரப் பெண்கள் அத்தொழிற்சாலையிற் கிற்றார்களைச் செய்தனர். அக்கருவிகள் பலவற்றில் முறையான தொடரிலக்கம் இல்லை. உற்பத்தித் தொகுதியைக் குறிக்கும் இலக்கமே உள்ளது. ஜோன் தோமஸ் என்ற சட்டத்துறைப் பேராசிரியர், பழைய நிழற்படமொன்றைத் தொடர்ந்து சென்று, எஞ்சியிருந்த பெண்களை நேரிற் கண்டு பேசியும் நிறுவனத்தின் ஏடுகளை ஆராய்ந்தும் இவ்வுண்மையை நிறுவினார். இலக்கமும் நிறுவனமும் மௌனம் சாதித்த இடத்தில் வாய்மொழிச் சான்று பேசியது.

அண்மைக் காலத்தில் மூலதனம் மலிவான உழைப்பை நாடி நாடுவிட்டு நாடு பெயர்வதையும் இலக்கங்களிலே வாசிக்கலாம். 1982இல் பென்டரின் யப்பானியத் தயாரிப்புகள் 'ஜே.வீ.' என்ற எழுத்துகளுடன் வெளிவந்தன. 1990களில் 'சீ.என்.' என்பது கொரியாவின் கோர்ட் தொழிற்சாலையையும், பின்னர் 'ஐ.சீ.' என்பது அந்நிறுவனத்தின் இந்தோனேசியத் தொழிற்சாலையையும் குறித்தன. எழுத்துகள் மாறியது மட்டுமே வாங்குவோருக்குத் தெரியும். 2007இல் கோர்ட் நிறுவனம் தனது கொரியத் தொழிலாளரை வேலைநீக்கம் செய்தமையும், அத்தொழிலாளர் 2019 ஏப்ரலில் உடன்பாடு ஏற்படும் வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடியமையும் எந்த இலக்கத்திலும் பொறிக்கப்படவில்லை.

4. கல்முனைக் கரையோரம்

இனி நமது கரைக்கு வருவோம். இங்கு கிற்றார் பற்றி இருவகைக் கூற்றுகள் எழக்கூடும். அது மேனாட்டு அந்நியப் பொருள் என்பது ஒன்று. அராபியரின் ஊது வழியாக ஐரோப்பா பெற்ற நமது சொத்தே அது என்பது மற்றொன்று. இரண்டும் தோற்றத்தை ஒற்றை ஊற்றாகக் கருதும் குறையுடையன. கித்தாரா என்ற கிரேக்கச் சொல் அரபு மொழியினூடாக ஸ்பானியத்தை அடைந்தது உண்மை. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியதும், அவர்தம் வழித்தோன்றல்களான மட்டக்களப்புப் பறங்கியர், தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்டு, வயலினும் கிற்றாரும் இசைத்துக் கபிரிஞ்ஞாவைப் பேணியதும் உண்மை. கல்முனைப் பிரதேசம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. பக்கீர்களின் றபானும், பொல்லடியும், இந்துக் கோயில்களின் பறையும், பறங்கியரின் கிற்றாரும் ஒரே பிரதேசத்தில் ஒலித்தவை. இசைக்கருவிகள் பற்றிய மார்க்க விவாதங்கள் இக்கட்டுரைக்குப் புறம்பானவை. ஒரு பிரதேசத்தின் ஒலியுலகம் ஒரே சமூகத்தின் தனியுடைமையாக இருந்ததில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

தொழிற்சாலைக் கிற்றாரின் வருகையை வேறொரு வரலாற்றுடன் இணைத்து நோக்கவேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அக்கட்டுப்பாடு உள்நாட்டுத் துணி உற்பத்திக்குப் பாதுகாப்பளித்தது. கல்முனைக்கு அணித்தாயுள்ள மருதமுனையின் நெசவாளர் அப்பாதுகாப்பின் கீழ்த் தொழில் செய்தனர். 1977இன் இறுதியில் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கை அத்தடைகளை நீக்கியது. வெளிநாட்டுத் துணி பெருகியது. நாடெங்கும் கைத்தறிகள் நலிந்தன. யப்பானிய, கொரியக் கருவிகளுக்கு வழி திறந்ததும் இதே கொள்கையே. ஆகவே 1982க்குரிய யப்பானிய இலக்கங் கொண்ட கிற்றார் ஒன்று இக்கரையிற் கிடைப்பின், அது தறியின் ஓசை குறைந்துகொண்டிருந்த காலத்திலோ அதன் பின்னரோ வந்தது என்பதனை அவ்விலக்கமே உணர்த்திவிடும். ஒரு பண்டத்தின் வரவையும் மற்றொரு தொழிலின் நலிவையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகக் காண்பது வரலாற்றைத் துண்டாடுவதாகும்.

அக்கருவியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? 1970களின் பிற்பகுதி தொடக்கம் தொழில் நாடி மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோருள் பணிப்பெண்கள் பெருந்தொகையினர். அயல்வீட்டு அடுக்களையில் உழைத்த சகோதரியின் ஊதியம் தம்பியின் கையிற் கிற்றாராக மாறியிருக்குமாயின், அக்கருவியில் இரு உழைப்புகள் உறைந்துள்ளன: செய்தவரின் உழைப்பு ஒன்று, வாங்கித் தந்தவரின் உழைப்பு மற்றொன்று. தொடரிலக்கம் இரண்டையும் பற்றி வாய் திறப்பதில்லை.

மருதமுனைச் சாரத்துக்குத் தொடரிலக்கமே இல்லை என்பதையும் இவ்விடத்து நினைவுகொள்ளல் வேண்டும். கலமசூவில் நிறுவனத்தின் ஏடுகளாவது எஞ்சின. நமது நெசவாளர் நெய்தவை அணியப்பட்டு, கிழிந்து, மறைந்தன. அவர்களைப் பற்றிய ஏடு அவர்களின் நினைவே.

5. செய்யவேண்டியது

இக்கரையோரத்தின் ஆவணங்கள் பெரிதும் அழிந்துள்ளன. 1985, 1990ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் வீடுகளை அழித்தன. 2004 திசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். பற்றுச்சீட்டும் நிழற்படமும் கடிதமும் நீரோடு போயின. கருவியினுள் ஒட்டப்பட்ட கடதாசியைக் கறையான் தின்னும்; உலோகத் தகட்டை உப்புக்காற்று அரிக்கும். எஞ்சியவற்றைப் பதிவதற்குரிய காலம் குறுகியது.

எனவே பல்கலைக்கழக மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றை முன்வைக்கிறோம். மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் வேறுபாடின்றி, எஞ்சியுள்ள இசைக்கருவிகளையும் தறிகளையும் பதிவுசெய்தல் வேண்டும். இலக்கம், முத்திரை, மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவற்றுடன், யார் வாங்கினார், எப்பணத்தில் வாங்கினார், யார் பழுதுபார்த்தார், எந்நிகழ்வில் இசைத்தார் என்னும் வினாக்களும் அப்பதிவில் இடம்பெறல் வேண்டும். முதற்பகுதிக்கு நிறுவனங்களின் பட்டியல்கள் விடை தரும். இரண்டாம் பகுதிக்கு விடை தரக்கூடியவர்கள் முதியவர்கள். ஆண்டுதோறும் அவர்களின் தொகை குறைந்து வருகின்றது.

விபுலாநந்தர் கருவியின்றிச் சொற்களிலிருந்து கருவியை அடைந்தார். நாம் கருவியிலிருந்து அதனைச் செய்த, வாங்கிய, இசைத்த மனிதரின் சொற்களை அடையவேண்டியுள்ளது. அச்சொற்கள் பதியப்படாதுபோயின், இக்கரையின் வரலாறாக எஞ்சுவது வெளிநாட்டு நிறுவனங்களின் விற்பனைக் கணக்கு மட்டுமே.