காரன்வாலிஸ் பிரபுவின் சிற்றுருவப் படமும் தஞ்சை வரலாறும்

பதினெட்டாம் நூற்றாண்டில் புகைப்படக் கருவி இல்லை. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரியின் முகத்தை அவருடைய தாயும் மனைவியும் காண வேண்டுமாயின் ஓவியரே துணை. மெல்லிய தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் முகத்தை எழுதி, கண்ணாடியிட்டுப் பொற்கூட்டில் பதித்துத் தாய்நாட்டுக்கு அனுப்பினர். உள்ளங்கையில் அடங்கும் இப்படங்களைப் பெண்டிர் அணிகலனாகவும் அணிந்தனர். ஆகவே இவை அரசாங்கப் பத்திரங்கள் அல்ல, அன்பின் அடையாளங்கள்.

இக்கலையில் சென்னையில் புகழ்பெற்றவர் ஜான் ஸ்மார்ட். 1785 முதல் 1795 வரை அவர் அங்கு வாழ்ந்தார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியையும் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்தார். இந்தியாவில் எழுதிய படங்களில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் இட்டு, இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தையும் சேர்ப்பது அவர் வழக்கம்.

1792இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவை அவர் தாளில் சிறிய அளவில் வரைந்த படம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ளது. அதே ஆண்டில்தான் தஞ்சை மன்னர் அமர்சிங்குடன் கம்பெனி உடன்படிக்கை செய்தது. மைசூர்ப் போரின்போது கம்பெனி கையேற்றிருந்த தஞ்சையின் நிர்வாகம் மன்னரிடம் திரும்பியது. ஆயின் ஆண்டுதோறும் கம்பெனிக்குப் பணம் செலுத்தும் கடமை நீங்கவில்லை. அப்பணம் காவிரி நீர் பாயும் நெல்வயல்களிலிருந்தே வரவேண்டும்.

அவ்வயல்களின் நிலை யாது? 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பு தஞ்சை நாட்டைப் பாழாக்கியது. அதன்பின் வரிக்கொடுமை தாளாமல் குடியானவர் பலர் ஊரைவிட்டு ஓடினர். உழைப்புக்கு உரியது கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் ஐயர் உறுதி கூறியபின் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் திரும்பி வந்து பயிரிட்டனர். அரசின் வாக்கை நம்பாதவர்கள் ஒரு போதகரின் வாக்கை நம்பினர்.

இந்த ஏழாயிரம் பேரில் ஒருவருக்கும் உருவப்படம் இல்லை. காரன்வாலிஸ் பிரபுவின் முகம் பொய்யன்று. அவரை நேசித்தோர் கண்ட முகம் அது. எனினும் ஒருவர் தம் இல்லத்தார்க்கு எத்தகையவர் என்பதை மட்டுமே அது சொல்லும். தம் ஆட்சிக்கு உட்பட்டோர்க்கு எத்தகையவர் என்பதைச் சொல்லாது. முகத்தின் கனிவைக் கண்டு ஆட்சியும் கனிவானது என்று முடிவு செய்வது வரலாற்றாசிரியனின் பிழை. ஆட்சியின் கொடுமையைக் கண்டு அம்முகத்தை மனித முகமன்று என்பதும் பிழையே.

இத்தீர்ப்பு நமக்கும் உரியது. தஞ்சை சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் சரபோஜி மன்னர் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்க, மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கிறார். பள்ளிச் சிறுவரும் அதில் உண்டு. ஆனால் அவர் வாக்கை நம்பித் திரும்பிய உழவருக்கு அங்கும் இடமில்லை. திருச்சபை வரலாறு எழுதும் நாமும் மிஷனெரிகளின் படங்களையே சுவரில் மாட்டி வந்திருக்கிறோம்.

படமில்லாதோர் கடிதங்களிலும், வரிக் கணக்குகளிலும், மோடி ஆவணங்களிலும், ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் ஒளிந்திருக்கின்றனர். அவர்களும் கடவுளின் சாயலைத் தாங்கியவர்களே. அவர்களைத் தேடி எடுப்பது நம் மாணவர்களின் கடன்.