துப்பாக்கித் தொலைகாட்டி: விலையும் பெறுமதியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நெடுந்தூர இலக்குச் சூடு என்பது 800, 900, 1000 யார் ஆகிய தூரங்களில் நிறுத்தப்பட்ட பலகையைச் சுடும் விளையாட்டாகும். இதில் ஈடுபடுவோர் துப்பாக்கிக்கு அடுத்தபடியாகப் பெரும் பணத்தைச் செலவிடுவது அதன்மேற் பொருத்தப்படும் தொலைகாட்டிக்கே. இன்று அதன் விலை சில நூறு டொலரிலிருந்து பல ஆயிரம் டொலர்வரை வேறுபடுகின்றது. கொடுக்கும் விலைக்கு ஈடானது எது என்னும் வினாவுக்குப் பெரும்பாலானோர் உருப்பெருக்கத்தையும் காட்சியின் ஒளியையும் கொண்டே விடை தேடுகின்றனர். தொலைகாட்டி என்னும் பெயரே இம்மயக்கத்துக்கு இடமளிக்கின்றது போலும். ஆயின், இக்கருவி வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அது காண்பதற்கான கருவி என்பதிலும் பார்க்க அளப்பதற்கான கருவியாகவே உருப்பெற்றது என்பது புலனாகும். இவ்வுண்மையை மறந்தவர்களே விலை கொடுத்து ஏமாந்தனர் எனலாம்.

கலிலியோ பயன்படுத்திய தொலைகாட்டியில் பார்வைத்துண்டு குழிவுவில்லையாக அமைந்திருந்தது. அதனுள் எவ்விடத்திலும் மெய்விம்பம் தோன்றுவதில்லையாதலால், குறிபார்ப்பதற்குரிய கம்பியை அதனுள் வைத்தல் இயலாது. 1611இல் கெப்ளர் விளக்கிய அமைப்பிலே இரு வில்லைகளும் குவிவுவில்லைகள். விம்பம் தலைகீழாகத் தோன்றினாலும் அது குழாயினுள்ளேயே மெய்விம்பமாக விழுகின்றது. 1640ஆம் ஆண்டளவில் வில்லியம் கஸ்கொயின் என்ற ஆங்கில இளைஞர், தமது தொலைகாட்டியின் குவியத்திலே சிலந்தியிழை ஒன்று கிடக்க, அது நோக்கிய பொருளுடன் சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். குறுக்குக்கம்பியின் பிறப்பு இதுவே. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. குவியத்தில் நகரும் விளிம்புகளைத் திருகொன்றினால் இயக்கி, வான்பொருள்களின் கோணவிட்டத்தை அளக்கும் நுணுக்குமானியையும் அவரே ஆக்கினார். குறிபார்க்கும் இழையும் அளக்கும் திருகும் ஒருவர் கையிலேயே பிறந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1644இல் மாஸ்டன் மூர்ப் போரில் அவர் மாண்டார். அவரது நுணுக்குமானியை றிச்சட் ரவுன்லி என்பார் 1667இல் வேத்தியற் கழகத்துக்கு அறிவிக்கும்வரை அதனை அறிந்தோர் மிகச் சிலரே.

வானியலாளரும் நில அளவையாளரும் கையாண்ட இக்கருவி துப்பாக்கிக்கு வந்துசேர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. குடிசார் பொறியியலாளரான ஜோன் றட்கிளிவ் சப்மன் 1848இல் வெளியிட்ட நூலில், நியூ யோர்க் மாநிலத்தின் யுற்றிக்கா நகரத்துத் துப்பாக்கி வினைஞர் மோர்கன் ஜேம்சுடன் இணைந்து ஆக்கிய துப்பாக்கித் தொலைகாட்டியை விவரித்தார். நீண்ட ஒடுங்கிய உலோகக் குழாயாக அமைந்த அதன் காட்சிப்புலம் மிகக் குறுகியது. அண்டை நகரான சிறக்கியூசில் வில்லியம் மல்கம் 1855 முதல் நிறந்தரா வில்லைகளைப் புகுத்தி, உயரத்தையும் பக்கவாட்டையும் திருத்தும் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். உள்நாட்டுப் போரில் (1861 – 1865) இவை மனிதரை நோக்கியும் திருப்பப்பட்டன. விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது வழக்கமாயினும், கருவி ஒன்றே என்பதை மறைத்தல் நேர்மையன்று.

இலக்குச் சூட்டுக் களத்தின் கதை வேறு. பிரித்தானியாவில் 1859இல் நிறுவப்பட்ட தேசிய றைபிள் சங்கம் 1860 யூலை 2ஆந் திகதி விம்பிள்டனில் தன் முதற் போட்டிகளைத் தொடங்கியது. விக்ரோறியா மகாராணியார் 400 யார் தூரத்திற் சுட்ட முதற் சன்னம் இலக்கின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்துக்குள் பட்டது. விற்வேர்த் தமது துப்பாக்கியை இயந்திரத் தாங்கியொன்றில் முன்னரே குறிவைத்துப் பூட்டியிருந்தார். மகாராணியார் செய்தது பட்டுக் கயிற்றை இழுத்தது மாத்திரமே. அரசியின் கண்ணும் கையும் அங்கு தேவைப்படவில்லை. தாங்கியின் திருகுகளே சுட்டன எனில் மிகையாகாது.

இதனினும் தெளிவான சான்று 1874 செப்டெம்பர் 26ஆந் திகதி நியூ யோர்க்கை அடுத்த கிறீட்மூர்க் களத்திலே கிடைத்தது. முந்திய ஆண்டு விம்பிள்டனில் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணியினர் அமெரிக்கருக்கு அறைகூவல் விடுத்தனர். அணிக்கு அறுவர், மூன்று தூரங்கள், ஒவ்வொரு தூரத்திலும் ஒருவருக்குப் பதினைந்து சூடுகள். நடுப்பகுதிக்கு 4 புள்ளிகளாதலால், ஓர் அணி பெறக்கூடிய உச்சப் புள்ளி 1080. ஆயிரக்கணக்கானோர் கூடிநின்ற அப்போட்டியில் அமெரிக்கர் 934 புள்ளிகளும் அயர்லாந்தினர் 931 புள்ளிகளும் பெற்றனர். அயர்லாந்து வீரர் மில்னர் ஒரு முறை தம் இலக்கை விடுத்து அடுத்த இலக்கின் நடுவைச் செவ்வனே சுட்டு, அந்த 4 புள்ளிகளையும் இழந்தார். வெற்றி தோல்விக்கிடையே நின்றது 3 புள்ளிகளே என்பதை நினைக்கும்போது அவர்மீது இரக்கமே தோன்றுகின்றது. அமெரிக்கரின் இறுதிச் சூட்டைச் சுட்ட கேணல் ஜோன் போடைன், சற்று முன்னர் உடைந்த இஞ்சிப்பியர்ப் போத்தலாற் கிழிபட்ட கையுடனேயே சுட்டு நடுவைத் தொட்டார்.

அன்று சுட்ட பன்னிருவருள் எவரது துப்பாக்கியிலும் தொலைகாட்டி இருக்கவில்லை. விதி அதற்கு இடமளிக்கவில்லை. அவர்களிடம் இருந்தது சிறு துளையுடைய பின்குறியும், அதனை நுண்ணிதாக உயர்த்தவும் தாழ்த்தவும் உதவிய வேணியர் அளவுகோலுமே. வில்லையின்றியே 1000 யார் தூரம் அளவுக்கு அடங்கியது. 1876இற் தொடங்கிய பால்மா கேடயப் போட்டியும் துளைக்குறியையே கைவிடாது பேணி வந்துள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தொலைகாட்டியும் வேணியர் மரபும் ஒன்றிணைந்தன. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படையிற் பணியாற்றிப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய ஜோன் அன்ரெல், 1934இல் பிற்ஸ்பேர்க்கில் நிறுவிய கம்பனியின் இலக்குத் தொலைகாட்டிகள் இதற்குச் சிறந்த உதாரணம். அவற்றின் திருத்தத் திருகுகள் குழாய்க்கு வெளியே, பின்தாங்கியில் அமைந்திருந்தன. திருகின் ஒரு சொடுக்கு குழாயை ஓர் அங்குலத்தின் ஈராயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தும். முன்தாங்கிக்கும் பின்தாங்கிக்கும் இடைத்தூரம் 7.2 அங்குலம். 100 யார் என்பது 3600 அங்குலம், அதாவது 7.2 அங்குலத்தின் 500 மடங்கு. ஆகவே ஒரு சொடுக்குக்குச் சன்னம் கால் அங்குலம் நகரும். இக்கணக்கைப் பாடசாலை மாணவரும் போட்டுப் பார்க்கலாம். சுட்டவுடன் துப்பாக்கி பின்னுதைக்க, குழாய் தாங்கியினுள்ளே வழுக்கி முன்செல்லும். சுடுவோர் ஒவ்வொரு முறையும் அதைக் கையால் இழுத்துப் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும். இத்தொல்லையைப் பொறுத்துக்கொண்டு பல்லாண்டுகள் அவற்றை விடாது பற்றியிருந்தனரெனின், திருகின் நம்பகமே அதற்குக் காரணம்.

மலிவான தொலைகாட்டியின் வரலாறு வில்லியம் வீவருடன் தொடங்குகின்றது எனலாம். பெரும் பொருளாதார மந்தம் தலைதூக்கிய 1930இல், 24 வயது நிரம்பிய அவர் தமது 3–30 என்னும் தொலைகாட்டியைத் தாங்கியும் உட்பட 19 டொலருக்கு விற்றார். ஐரோப்பிய இறக்குமதிகளை எண்ணியும் பார்க்க முடியாத வேட்டைக்காரர் அதை வாங்கினர். வேட்டையில் ஒருமுறை குறியைச் சீராக்கிவிட்டால் திருகை மீண்டும் தொடவேண்டிய தேவை அரிது. ஆதலின் அவருடைய மலிவு நேர்மையான மலிவு. அதே தன்மையை நெடுந்தூர இலக்குக்கும் எதிர்பார்த்தபோதே சிக்கல் எழுந்தது.

ஒளியியலின் முன்னேற்றம் இச்சிக்கலை மறைத்துவிட்டது. பூச்சற்ற கண்ணாடி மேற்பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் தெறிக்கச் செய்கின்றது. பத்து மேற்பரப்புகள் இருப்பின் மூன்றிலொரு பங்கு ஒளி வீணாகும். 1935இல் செய்ஸ் நிறுவனத்தில் ஒலெக்சாந்தர் சிமக்குலா கண்டறிந்த தெறிப்புத்தடைப் பூச்சு, போருக்குப் பின் எங்கும் பரவியது. குழாயினுள் நைதரசனை அடைத்துப் பனிமூட்டம் படியாது தடுக்கும் முறையும் வந்தது. ஜப்பானிலும், பின்னர் பிலிப்பைன்சிலும் சீனாவிலும் தெளிவான வில்லைகள் மலிவாக ஆக்கப்பட்டன. எனவே கடையிலே கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு இன்று மலிவான தொலைகாட்டியும் அழகிய காட்சியையே தருகின்றது. கடையில் எவரும் திருகைச் சோதிப்பதில்லை.

இக்காலத் தொலைகாட்டியில் திருகு தள்ளுவது, விம்பத்தை நிமிர்த்தும் வில்லைகள் அடங்கிய சிறிய உட்குழாயை. எதிர்ப்புறத்தில் ஒரு வில்சுருள் அதனைத் திருகோடு அழுத்தி வைத்திருக்கும். சுருள் தளர்ந்ததாயின், திருகு பின்வாங்கும்போது உட்குழாய் கூடவே திரும்பாது. அடுத்த சூட்டின் அதிர்விலேதான் திரும்பும். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஒரு பாகையின் அறுபதிலொரு பங்காகிய கலை, 1000 யார் தூரத்தில் ஏறத்தாழ பத்தரை அங்குலமாகும். 100 யாருக்குச் சீராக்கப்பட்ட .308 வின்செஸ்ரர் வகைத் துப்பாக்கியை 1000 யாருக்கு உயர்த்த ஏறத்தாழ 37 கலைகள் வேண்டும். திருகு 2 வீதம் பிழைத்தாலும் சன்னம் ஏறத்தாழ எட்டு அங்குலம் விலகும். கனடாவைச் சேர்ந்த ஜோர்ஜ் பாக்குவாசனின் பெயரால் வழங்கும், தொலைகாட்டிக்கு இடமளிக்கும் ‘எப்’ வகுப்புப் போட்டியிலே, 1000 யார் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரை 5 அங்குலமே. உருப்பெருக்கம் இருபத்தைந்து மடங்காயினும் அச்சன்னம் வட்டத்துக்கு வெளியேதான் விழும். வெளியே விழுந்தது மாத்திரம் மிகத் தெளிவாகத் தெரியும்!

2000ஆம் ஆண்டின் பின்னர் எஸ். டபிள்யூ. எப். ஏ. என்னும் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 300 டொலருக்கு விற்ற ‘சூப்பர் ஸ்னைப்பர்’ தொலைகாட்டி நெடுந்தூரச் சூட்டாளரிடையே பெற்ற நன்மதிப்பை இதனடியாகவே விளங்கிக்கொள்ள வேண்டும். அதன் உருப்பெருக்கம் மாறாத 10 மடங்கே, வில்லையும் உயர்தரமானதன்று. உருப்பெருக்கத்தை மாற்றும் பொறியை நீக்கியதால் மிஞ்சிய பணம் திருகுக்குச் சென்றது. அதனிலும் இரு மடங்கு விலையில் 6 முதல் 24 மடங்குவரை காட்டும் கருவியை வாங்கி வருந்தியோர் உளர்.

திருகைச் சோதிக்கச் சூட்டாளர் கையாளும் முறை மிக எளியது. 100 யார் தூரத்தை அளவுநாடாவால் அளந்து, உயரமான தாளொன்றைக் கட்டி, தூக்குக்குண்டின் துணையுடன் அதில் நிலைக்குத்துக் கோடு வரைவர். கீழ்ப்புள்ளியை நோக்கிச் சில சூடுகள் சுட்டபின், திருகை 30 கலைகள் உயர்த்தி, அதே புள்ளியையே மீண்டும் நோக்கிச் சுடுவர். இரு கூட்டங்களின் இடைத்தூரம் 31.4 அங்குலமாக இருத்தல் வேண்டும். 30.8 ஆயின் திருகு 2 வீதம் குறைவாகச் செல்கின்றது. துளைகள் கோட்டை விட்டு ஒருபுறம் சாய்ந்து ஏறினால் தொலைகாட்டி சரிந்து பொருத்தப்பட்டுள்ளது. பின்னர் திருகைப் பழைய நிலைக்குக் கொணர்ந்து, முதற் கூட்டத்தின்மீதே சன்னம் விழுகின்றதா எனவும் பார்ப்பர். பிழை எப்போதும் ஒரே அளவினதாயின் அதைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டு மலிவான தொலைகாட்டியுடனும் போட்டிக்குச் செல்லலாம். ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் காட்டுவதை, அதன் விலை எதுவாயினும், விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை.